டிரைவரை மாத்து!

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ். இடைகால் தாண்டியதுமே முனக ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் மலை, மலை மேல் சாரல் மேகம், உள்ளே அறுபது பேர். வண்டி மட்டும் இருபதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கடையநல்லூரில் இறங்க வேண்டிய ஒரு பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது.

''அண்ணாச்சி, கொஞ்சம் மிதிங்க! சைக்கிள்காரன்லாம் முந்துதான்!''

''மிதிச்சாச்சு அண்ணாச்சி. இதுக்கு மேல மிதிச்சா காலு ரோட்டுலதான் படும்'' என்றார் டிரைவர்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: ''அப்பம் டிரைவர மாத்துங்க வே!''

பஸ்ஸே சிரித்தது. டிரைவரும்தான். நான் மட்டும் சிரித்துவிட்டு யோசித்தேன். காரணம், அன்று மாலை கடையநல்லூர் டீக்கடை ஒன்றில் எனக்காகக் காத்திருந்த கேள்வி.

கேட்டவர் பஹ்ரைனில் வேலை பார்க்கும் இளைஞர், லீவில் வந்திருக்கிறார். இந்த ஊரில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அப்புறம் வீட்டுக்கு ஒரு வளைகுடா விசா. நம் ஆட்களில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை நேரில் பார்க்கிற வாய்ப்பு கோயம்புத்தூர்க்காரருக்கு இருக்கிறதோ இல்லையோ, கடையநல்லூர்க்காரருக்கு நிச்சயம் உண்டு. பஹ்ரைனில் 2004-லிருந்தும் அபுதாபியில் 2009-லிருந்தும் பந்தயம் நடக்கிறதே! தம்பி கேட்டது இதுதான்: ''சார், 2025-ல லாசன்ங்கிற பையன ரெண்டே ரேஸ்ல தூக்கிட்டாங்களே... ஓட்ட முடியாம தடுமாறுறவன சீசன் நடுவுல மாத்துறது சரியா, தப்பா?''

சுருக்கமாகச் சொல்ல முடியாததால் டீ ஆறிப்போனது. விரிவாக உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எஃப்-1 பந்தயத்தில் ஒரு டீமுக்கு ரெண்டு கார், ரெண்டு டிரைவர். வருஷத்துக்கு இருபது சொச்சம் பந்தயம். கார் சரியில்லை என்று மார்ச் மாதமே தெரிந்துவிட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏப்ரலில் புதுக் கார் செய்ய முடியாது. சீசன் நடுவே இஷ்டத்துக்கு டெஸ்ட் ஓட்டிப் பார்க்கவும் 2009-லிருந்து தடை. இன்ஜினியரிங் டைரக்டரை மாற்றினால் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். ஒரே ஒரு போன் காலில் மாற்றக்கூடிய பாகம் அந்த வண்டியில் ஒன்றுதான். அது ஹெல்மெட் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

நான் பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் 'வேரியன்ஸ்' என்று ஒரு பாடம் வரும். உற்பத்தி குறைந்தால் உடனே தொழிலாளி மேல் பழி போடக் கூடாது. பஞ்சு மட்டமா, மிஷின் மட்டமா, ஆள் மட்டமா என்று தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மார்க் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. ஆனால், கார் பந்தயத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. இங்கே அளவுகோல் ஒன்றுதான். அதே டீமில், அதே காரில் ஓட்டுகிற இன்னொருத்தன். அவனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் 'இவன் சரியில்லை' என்று சொல்கிறவர் பஸ்ஸில் பின் சீட் ஆசாமி.

இதைச் செய்யாமல் விட்டதில் நம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. 2005-ல் நம் கோவை நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் டீமில் சேர்ந்து, எஃப்-1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் நாலாவது இடம், 5 பாயின்ட். கொண்டாடித் தீர்த்தோம். டயர் பிரச்னையால் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட்டன, ஓடியதே ஆறு கார்தான் என்கிற விஷயத்தை எத்தனை பேர் தலைப்புக்குப் பக்கத்தில் போட்டோம்? நரேனின் குற்றம் இல்லை அது. ஒதுங்காமல் ஓடினார், அந்த ஆறில் நாலாவதாக வந்தார், அதுவே மரியாதையான விஷயம். ஜெயித்தபோது காரைப் பார்க்காத நாம், அவரைத் தூக்கியபோதும் காரைப் பார்க்கவில்லை. 'இந்தியனை ஓரங்கட்டிவிட்டார்கள்' என்றோம்.

தூக்கிய கதைக்கு வருகிறேன். ஒன்றல்ல, ரெண்டு. ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், ரெண்டும் ஒரே டீமில், அடுத்தடுத்த வருஷம்.

முதலாமவர் சென்னை கருண் சந்தோக். 2010-ல் ஹெச்.ஆர்.டி. என்கிற புது ஸ்பானிஷ் டீம். முதல் பந்தயம் நம்ம டீக்கடைத் தம்பி வேலை பார்க்கிற அதே பஹ்ரைன். கருணின் கார் நேரத்துக்குத் தயாராகவில்லை. பயிற்சி ஓட்டம் மொத்தமும் போச்சு. அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான்! நீச்சல் பழகாமல் கடலில் இறங்கு என்பார்களே, அது. பந்தயத்தில் ஆரம்பத்திலேயே மோதி வெளியே வந்துவிட்டார். ஆனால் அடுத்த பந்தயம், ஆஸ்திரேலியா. முடித்தார். 14-வது இடம். மே மாதம் மொனாக்கோவில் மறுபடி 14. (இதில் அதிர்ஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம்: பந்தயம் முடிய சில சுற்றுகளே இருந்தபோது யார்னோ ட்ரூலியின் கார் கருணின் தலைக்கு மேலேயே ஏறி நின்றது. பந்தய தூரத்தில் 90 சதவீதம் ஓடியிருந்ததால் கணக்கில் சேர்த்தார்கள்.)

ஜூலையில் பிரிட்டிஷ் பந்தயம். சக டிரைவர் புருனோ சென்னாவை உட்காரவைத்துவிட்டு, அந்தக் காரில் ஜப்பானின் சகோன் யமமோட்டோவை ஏற்றினார்கள். முடிவு? கருண் 19. யமமோட்டோ 20. ஒரே டீம், ஒரே மாதிரி கார், அளவுகோல் கண் முன்னால். அடுத்த பந்தயம் ஜெர்மனி. அங்கே உட்காரவைக்கப்பட்டவர் யார்? தோற்ற யமமோட்டோ இல்லை. ஜெயித்த கருண்!

10 பந்தயங்களோடு முடிந்தது. கையில் ஸ்பான்சர் இருக்கிறவர் அந்த சீட்டுக்கு வருகிறார் என்று அப்போது எல்லோருமே பேசினார்கள். ஆனால், எனக்குப் பிடித்த பகுதி சீசன் முடிவில்தான் வருகிறது. அந்த வருஷம் வந்த புது டீம்கள் எதுவுமே ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை. யார் எத்தனையாவது என்பதை எப்படித் தீர்மானிப்பது? யாருக்கு நல்ல இடங்கள் அதிகம் என்று எண்ணுவார்கள். ஹெச்.ஆர்.டி-க்கு மூன்று 14-வது இடம். போட்டி டீமான வர்ஜினுக்கு ரெண்டு. அதனால் ஹெச்.ஆர்.டி. 11, வர்ஜின் 12. அந்த மூன்று 14-ல் ரெண்டு, பாதியில் அனுப்பப்பட்ட சந்தோக்குடையது. வருஷக் கடைசி பேலன்ஸ் ஷீட்டில் வரவுப் பக்கம் இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் சம்பாதித்துக் கொடுத்தவர் ஜூலையிலேயே வேலை இழந்தவர். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நரேன் விஷயம் அத்தனை சுலபம் இல்லை. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

2011. அதே ஹெச்.ஆர்.டி. டீமுக்கு நரேன் வருகிறார். ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு, 34 வயதில். மெல்போர்னில் ரெண்டு காருமே பந்தயத்துக்குத் தகுதி பெறவில்லை. முதல் தகுதிச் சுற்றில் முன்னால் இருப்பவர் 100 செகண்டில் சுற்றினால், நீங்கள் 107 செகண்டுக்குள் சுற்றியாக வேண்டும், அதுகூட முடியவில்லை. ரெண்டு டிரைவருக்கும் முடியவில்லை என்றால் அது கார். சரி. ஆனால், அதற்கப்புறம்? சக டிரைவர் இத்தாலியின் லியுஸி பெரும்பாலும் நரேனுக்கு முன்னால்தான் இருந்தார். மொனாக்கோவில் லியுஸி 16, நரேன் 17. மழை பெய்த கனடாவில் லியுஸி 13, நரேன் 17. அடுத்து வலென்சியா. அங்கே ஓர் அதிசயம், புறப்பட்ட 24 கார்களும் பந்தயத்தை முடித்தன. எஃப்-1 சரித்திரத்தில் 24-வதாக முடித்த முதல் ஆள் என்கிற பெருமை (!) நரேனுக்கு.

அடுத்த பந்தயத்தில் அவர் இல்லை. சில்வர்ஸ்டோனில் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தவர் 22 வயது ஆஸ்திரேலியப் பையன். ரெட்புல் பணம் கட்டி அனுப்பிவைத்த பயிற்சி மாணவன். பெயர் டேனியல் ரிக்கார்டோ.

'பணம் கொடுத்து சீட் வாங்கிவிட்டான்' என்று நமக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. அப்புறம் லெட்ஜரின் மறு பக்கத்தைப் பார்த்தேன். நம்மவர் எப்படி உள்ளே போனார்? 2005-லும் 2011-லும் டாடா உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. இதில் கேவலம் எதுவுமில்லை. எஃப்-1 வாசலில் டிக்கெட் கிழிக்கிற முறையே அதுதான். வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீட்டில் கூடுதல் வாடகைக்காரன் வந்து நின்றால், வீட்டுக்காரன் முகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சரி, மாற்றியதில் டீமுக்குப் பந்தயத்தில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. ரிக்கார்டோ அந்த சீசன் முழுக்க 18-வது இடத்துக்கு முன்னால் வரவே இல்லை. பஸ் அதே பஸ். இருபதுதான் போகும்.

அக்டோபர் 30, 2011. டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டா. இந்தியாவின் முதல் எஃப்-1 பந்தயம். நரேனை மறுபடி காரில் ஏற்றினார்கள். நரேன் 17, ரிக்கார்டோ 18. தன்னை மாற்றிவிட்டு வந்தவனைத் தன் மண்ணில் முந்திக் காட்டினார். அன்று டி.வி. முன்னால் நான் எழுந்து நின்று கை தட்டியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு நரேன் உட்கார்ந்தது யாருடைய சீட்? லியுஸியுடையது. கனடாவில் 13-வது வந்து, அந்த டீமுக்கு அதன் ஆயுளிலேயே நல்ல இடத்தை வாங்கிக் கொடுத்த மனுஷனைத்தான் ஒரு பந்தயத்துக்கு வெளியே உட்காரவைத்திருந்தார்கள். நமக்கு இனித்த அந்த 17, இத்தாலியில் ஒரு வீட்டில் எப்படி இருந்திருக்கும்? அதே பந்தயத்துக்கு இன்னொரு டீமான லோட்டஸிடம் கருண் சந்தோக் இருந்தார். அவருக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டம் மட்டும். அந்த டீம் தன் ரெகுலர் டிரைவரை மாற்றவில்லை. சொந்த ஊர் ரசிகன் என்கிற முறையில் வருத்தப்பட்டேன். கணக்குப் படித்தவன் என்கிற முறையில், அவர்கள் செய்தது சரி.

'ஏழை டீம் அப்படித்தான். பெரிய டீம் மாற்றினால் பலன் இருக்குமே?' என்பீர்கள். ஃபெராரியைப் பார்ப்போம். 2009-ல் ஃபெலிப் மாஸ்ஸாவுக்குத் தலையில் அடி. வேறு வழியில்லாத மாற்றம். பத்து வருஷமாக எஃப்-1 பந்தயம் ஓட்டாத டெஸ்ட் டிரைவர் லூக்கா படோயரை ஏற்றினார்கள். ரெண்டு பந்தயம், ரெண்டிலும் கடைசி வரிசை. அந்த ரெண்டாவது பந்தயம் பெல்ஜியத்தில். அங்கே விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா காரை முதல் ஆளாகத் தகுதி பெறவைத்து, ஃபெராரியின் ராய்க்கோனனை ஒரு செகண்ட் இடைவெளியில் துரத்திக்கொண்டு ரெண்டாவதாக வந்தார் ஃபிசிகெல்லா. அந்த டீம் எடுத்த முதல் பாயின்ட்டே அன்றைக்குத்தான். உலகமே வாயைப் பிளந்தது. 'இவனல்லவோ டிரைவர்!' என்று ஃபெராரி உடனே கொத்திக்கொண்டு போனது. அவருக்கும் இத்தாலியன் என்கிற முறையில் வாழ்நாள் கனவு.

மிச்சம் ஐந்து பந்தயம். ஃபிசிகெல்லா எடுத்த பாயின்ட்? பூஜ்யம். மட்டமான கார் என்று நினைத்ததில் ரெண்டாவது வந்த அதே ஆள், அதே சீசனில், உலகத்தின் பெரிய டீமின் காரில் எட்டுக்குள் வர முடியவில்லை. ஒரு காரின் பிரேக் எங்கே கடிக்கும், ஸ்டியரிங் எங்கே நழுவும் என்று உடம்பு கற்றுக்கொள்ள நாளாகும். வெள்ளிக்கிழமை காலையில் சாவி கொடுத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ரிசல்ட் கேட்டால் இதுதான் நடக்கும்.

உடனே ஒருவர் 2016-ஐக் கொண்டு வருவார். ரெட்புல் டீம் க்வியாட்டை இறக்கிவிட்டு 18 வயது வெர்ஸ்டாப்பனை ஏற்றியது. ஏறிய முதல் பந்தயமே ஸ்பெயினில் ஜெயித்தார். உண்மை. முதல் சுற்றிலேயே ஹாமில்டனும் ரோஸ்பெர்கும் ஒருவரோடு ஒருவர் மோதி வெளியே போனார்கள் என்பதும் உண்மை. இறக்கிவிடப்பட்ட க்வியாட், அதற்கு ரெண்டு பந்தயம் முன்னால் சீனாவில் மூன்றாவதாக வந்திருந்தார் என்பதும் உண்மை. வெர்ஸ்டாப்பன் மேதை, சந்தேகமே இல்லை. ஆனால், அந்த ஒரு லாட்டரி விழுந்ததிலிருந்து அந்த நிர்வாகத்துக்குப் பழக்கமாகிவிட்டது என்பது என் சந்தேகம். டிக்கெட் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

2023-ல் அவர்களின் ஜூனியர் டீமில் டி வ்ரீஸை 10 பந்தயத்தில் தூக்கினார்கள். வந்தவர் நம்ம பழைய ரிக்கார்டோ! இடையில் அவர் பெரிய ஆளாகி 8 பந்தயம் ஜெயித்து, இறங்குமுகமும் பார்த்திருந்தார். 2024 செப்டம்பரில் ரிக்கார்டோவைத் தூக்கி லாசனைக் கொண்டுவந்தார்கள். 2025-ல் லாசனை சீனியர் டீமுக்கு ஏற்றி, ரெண்டே பந்தயத்தில் இறக்கி, ஜப்பானின் சுனோடாவை ஏற்றினார்கள். இதுதான் டீக்கடைத் தம்பியின் கேள்வி. பலன்? அந்த வருஷம் வெர்ஸ்டாப்பன் 421 பாயின்ட். ரெண்டாவது காரில் சுனோடா அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை. செப்டம்பரில் பாகு நகரப் பந்தயத்தில், இறக்கிவிடப்பட்ட லாசன் ஜூனியர் டீம் காரில் ஐந்தாவது. அவர் இடத்துக்கு வந்த சுனோடா சீனியர் டீம் காரில் ஆறாவது! 2026-க்கு சுனோடாவுக்கும் சீட் இல்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். அதே ரெட்புல் 2024-ல் செர்ஜியோ பெரஸை மாற்றாமல் வைத்திருந்தது. தடுமாறுகிறார் என்று தெரிந்தும் ஜூனில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். கோடை விடுமுறையில் உட்கார்ந்து பேசி, மறுபடி தொடரச் சொன்னார்கள். வருஷக் கடைசியில் வெர்ஸ்டாப்பன் 437 பாயின்ட்டோடு சாம்பியன். பெரஸ் 152, எட்டாவது. ஒரே டீம். டீம் பட்டம் கைவிட்டுப் போய் மூன்றாவது இடம். பக்கத்துக் காரில் பட்டம் ஜெயிக்கிறவன் இருக்கும்போது, இடைவெளி ஐந்தாறு மாதமாகக் குறையவே இல்லை என்றால் மாற்றுவது நியாயம். வருகிறவனுக்கு அந்தக் காரைக் கற்றுக்கொள்ளப் போதுமான பந்தயங்கள் மிச்சம் இருக்கும்போதே மாற்றுவது புத்திசாலித்தனம். அவர்கள் பொறுத்த இடத்தில் மாற்றியிருக்கலாம், மாற்றிய இடத்தில் பொறுத்திருக்கலாம். ரெண்டே பந்தயத்தில் லாசனைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? நம் ஊர் ஜவுளிக்கடையில் சேர்கிற பையனுக்கே முதல் தீபாவளி முடியும்வரை டயம் கொடுப்பார்கள்.

இன்னொன்று, சொல்கிற விதம். 2024 செப்டம்பர் 22, சிங்கப்பூர். ரிக்கார்டோவின் கடைசிப் பந்தயம் அது என்று பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். டீம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. போகிறீர்களா, போகிறீர்களா என்று அந்த மனுஷனிடமே மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் புது டயர் மாட்டி, அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓட்டிக் காட்டினார். முடித்த இடம் 18. எல்லோருக்கும் கடைசி. பந்தயம் முடிந்து கார் நின்ற பிறகும் இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நாலு நாள் கழித்துத்தான் அறிவிப்பு வந்தது.

18. கிரேட்டர் நொய்டாவில் நரேனுக்குப் பின்னால் அவர் வந்த அதே 18.

டீக்கடைத் தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, ''அப்பம் 2011-ல நரேனத் தூக்குனது?'' என்று மடக்கினார். கருணைத் தூக்கியது அநியாயம். நரேனைத் தூக்கியது வியாபாரம் என்றேன். கடிகாரம் அவர் பக்கம் இல்லை. அவருக்குப் பதிலாக வந்தவனால் அந்த டீமுக்கு ஒரு இடம்கூட முன்னேற்றமும் இல்லை. இந்த ரெண்டு வாக்கியத்தையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். நரேன் 2012-ல் அதே டீமில் முழு சீசனும் ஓட்டினார், டிசம்பரில் டீமே மூடிவிட்டது. அவர் நிற்கவில்லை. ஜப்பானுக்குப் போய் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபியூஜியில், ஜப்பானிய, ஜெர்மன் கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில் ஹோண்டா காரில் முதலாவதாக வந்தார். அப்போது வயது 42. நம் பத்திரிகைகளில் அது எத்தனை பத்தி வந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. ''நீங்க என்ன சொன்னாலும் அது துரோகம்தான் சார்'' என்றார். இன்னொரு டீ சொன்னோம்.

எதிரே பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ராஜபாளையம் போக வேண்டியவர்கள் வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். டிரைவர் மட்டும் மெக்கானிக்குக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.